முன்னிலை இல்லாத உலகம்

திண்டிவனத்திலிருந்து மேற்கே பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் செஞ்சி வந்துவிடுகிறது. மூன்று மலைகள், மலைகளை இணைக்கும் மதில்கள், மதில்களுக்குள்ளே களஞ்சியங்கள், குளங்கள், இடிந்த கொத்தளங்கள். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலும் அக்கோட்டை இடம்பெற்றுவிட்டது. விழுப்புரத்து இளைஞனும் செல்கிறான், திண்டிவனத்து இளைஞனும் செல்கிறான். ஏறுகிறான், இளைப்பாறுகிறான், படம் எடுத்துக்கொள்கிறான், இறங்கிவிடுகிறான்.

அவ்விளைஞர்களிற் சிலர் நுழைந்து பார்க்கும் கோட்டை இன்னொன்றும் உண்டு. அதற்குக் கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கட்டிய கொற்றவனும் இல்லை. அங்கே செல்லப் பேருந்து வேண்டாம், நுழைவுச் சீட்டு வேண்டாம். கணிப்பொறியில் உலாவியைத் திறந்தால் போதும். கோட்டையின் கதவும் திறந்துகொள்கிறது. உள்ளே நுழைந்தவன் ஏறவும் இல்லை, இளைப்பாறவும் இல்லை. சுடுகிறான்! சுட்டுக்கொண்டே செல்கிறான்!

'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' என்பது அக்கோட்டையின் பெயர். அமெரிக்காவில் இட் சாஃப்ட்வேர் எனும் சிறு நிறுவனத்தார், ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் முதலானோர், 1992 மே 5ஆம் நாள் வெளியிட்ட விளையாட்டு அது. நாஜிகளின் கோட்டையிலே சிறைப்பட்ட பிளாஸ்கோவிச் எனும் உளவாளியாக ஆடுபவன் ஆகிறான். காவலரை வீழ்த்திக்கொண்டே தளம் தளமாக ஏறவேண்டும். மூன்றாம் பகுதியின் முடிவிலே இட்லரையே எதிர்நின்று சுடலாம். ஆடுபவனின் உடல் அந்த உலகில் தென்படுவதில்லை. துப்பாக்கி ஏந்திய கை மட்டும் திரையின் அடியிலே நீண்டிருக்கும். மற்றவை யாவும் அவன் கண் காண்பவை. 'சுடுபவனின் கண்ணால் உலகைக் காண்' என்ற இம்முறையை நாடெங்கும் வீடெங்கும் பரப்பியது இவ்விளையாட்டே. 1993இல் வந்த டூம், 1996இல் வந்த குவேக், இன்று கைப்பேசியிலே நம் பிள்ளைகள் ஆடும் போர்க்கள விளையாட்டுகள் ஆகிய எல்லாம் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.

1992இல் இதனை ஆட வல்ல கணிப்பொறியை வாங்க விழுப்புரத்தில் எத்தனை வீடுகளால் இயன்றிருக்கும்? இன்று நிலை அதுவன்று. 1995இல் இதன் நிரலைப் படைத்தோரே பொதுவில் வைத்தனர். இருபதாண்டு நிறைவை ஒட்டி 2012இல், உரிமை பெற்றிருந்த பெதஸ்டா நிறுவனம், உலாவியிலேயே இலவசமாக ஆடும் வடிவத்தை வெளியிட்டது. தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011இல். செல்வர் வீட்டுச் செல்லப்பிள்ளைக்கு மட்டும் எட்டிய பொருள், செங்கல் சுமப்பவர் மகனுக்கும் எட்டியது. அதிலே நமக்கு வருத்தம் இல்லை, மகிழ்ச்சியே. எல்லோர்க்கும் எட்டிய பொருளைப் பற்றி எல்லோரும் சிந்திக்கவும் வேண்டும் என்பதே நம் வழக்கு.

ஆகவே நாமும் அக்கோட்டைக்குள் மீண்டும் புகுந்தோம். சிறுவயதில், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து ஆடிய அதே கோட்டை. அன்று விரல்தான் ஆடிற்று. இன்று அறிவையும் உடன் அழைத்துச் சென்றோம். எழுந்த கேள்வி இதுதான்: விளையாட்டிலே சுடுவதில் குற்றம் உண்டா? உண்டெனில், அக்குற்றம் எங்கே இருக்கிறது?

இதற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "கெட்டது! பிள்ளைகளைக் கொலைகாரர்களாக்கும்! தடை செய்!" என்கிறார் பெரியவர். "வெறும் விளையாட்டு! படம் பார்ப்பதுபோலத்தான்! விட்டுவிடு!" என்கிறான் இளைஞன். இரண்டையும் பகுத்தறிவு எனும் உரைகல்லிலே உரைத்துப் பார்ப்போம்.

பெரியவரின் விடைக்குச் சான்று எங்கே? அமெரிக்க உளவியல் கழகம் பல ஆண்டு ஆய்வுகளை எடைபோட்டு 2020இல் ஒரு தீர்மானம் செய்தது. வன்முறை விளையாட்டுக்கும், கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்திற்கும் சிறியதொரு தொடர்பு உண்டு. ஆயினும் கொலை முதலிய கொடுஞ்செயல்களுக்கு விளையாட்டே காரணம் என்று கூறப் போதிய சான்று இல்லை என்பதே அதன் சாரம். சான்று இல்லாத அச்சத்தைப் பேய் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வேப்பமரத்துப் பேயை ஓட்டிவிட்டு, கணிப்பொறிக்குள் ஒரு பேயைக் குடிவைக்கலாமா?

தடை என்னும் மருந்தையும் பார்த்துவிட்டோம். 2020 செப்டம்பர் 2ஆம் நாள் இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது; பப்ஜி எனும் சுடும் விளையாட்டும் அதில் ஒன்று. பிள்ளைகளின் மனம் கெடுகிறது என்றா தடுத்தனர்? இல்லை, நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு என்றே காரணம் கூறினர். மறு ஆண்டே, 2021இல், அதே ஆட்டம் வேறு பெயர் பூண்டு வந்து நின்றது. பெயர் மாறிற்று, துப்பாக்கி மாறவில்லை.

சரி, இளைஞன் வென்றுவிட்டானா? அதுவும் இல்லை. 'கொலைகாரனாக்கவில்லை' என்பதால் 'ஒன்றுமே செய்யவில்லை' என்று ஆகிவிடாது. நஞ்சு கலவாத சோறெல்லாம் நல்ல சோறு ஆகிவிடுமா? அவ்விளையாட்டு நம்மை என்ன செய்யச் சொல்கிறது, என்ன செய்ய விடுவதில்லை என்று உள்ளே புகுந்து பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஒரு பழைய செய்தி உதவுகிறது. இக்கோட்டை 1992இல் பிறந்ததன்று. 1981இலேயே சைலஸ் வார்னர் என்பவர் 'காசில் வுல்ஃபன்ஸ்டைன்' எனும் விளையாட்டைப் படைத்திருந்தார். அதிலும் நாஜிகளின் கோட்டை உண்டு, காவலர் உண்டு, துப்பாக்கியும் உண்டு. ஆயினும் அங்கே பதுங்கலாம். பகைவரின் சீருடையை அணிந்து அவர்கள் நடுவே நடக்கலாம். துப்பாக்கியைக் காட்டினால் காவலன் கைகளைத் தூக்குவான். அவனைச் சோதித்துவிட்டுச் சுடாமலே போகலாம். 1992இன் இளைஞர்களும் இத்தகைய செயல்களைத் தம் விளையாட்டில் வைக்கவே முதலில் எண்ணினர். வீழ்ந்தவனின் உடலை இழுத்து மறைத்தல், அவன் பையைச் சோதித்தல் முதலியவற்றைச் செய்தும் பார்த்தனர். பிறகு நீக்கிவிட்டனர். ஏன்? ஆட்டத்தின் விரைவு குறைகிறதாம்!

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். விரைவுக்குத் தடையென்று வெட்டி எறியப்பட்டது எது? பகைவனைக் கண்ட கணத்திற்கும் சுட்ட கணத்திற்கும் நடுவிலே இருந்த சிறு இடைவெளி! 'சுடவேண்டுமா? சுடாமல் முடியாதா?' என்று எண்ணுவதற்கு இருந்த இடம் அதுதான். புதிய கோட்டையில் கைதூக்குவான் எவனும் இல்லை. சரணடைவோன் இல்லை. கண்டால் சுடு, சுடாவிடில் நீ சாவாய். அவ்வளவே சட்டம்.

அம்மட்டோ! ஒவ்வொரு தளம் முடியும்போதும் மதிப்பெண் பட்டியல் வருகிறது. எத்தனை விழுக்காடு கொன்றாய், எத்தனை விழுக்காடு மறைவிடம் கண்டாய், எத்தனை விழுக்காடு பொருள் கவர்ந்தாய் என்று கணக்கு. கொலையிலே நூற்றுக்கு நூறு எடுத்தால் பத்தாயிரம் புள்ளி பரிசு. எவனேனும் ஒருவனை மூலையிலே உயிரோடு விட்டுவந்தால் மதிப்பெண் குறைகிறது. எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தாலோ, வீரனின் தலையிலே குழந்தைக் குல்லாயும் வாயிலே சூப்பானும் மாட்டி எள்ளுகிறார்கள். மதிப்பெண்ணின் ஆற்றலை ஆசிரியர் அறிவோம். எதற்கு மதிப்பெண் தருகிறோமோ அதையே மாணவன் அறிவு என்று கொள்கிறான். இரக்கத்திற்கு மதிப்பெண் குறைக்கும் பள்ளி ஒன்றை நாம் கட்டினால் ஊர் நம்மைச் சும்மா விடுமா?

தமிழ் இலக்கணத்திலே இடம் மூன்று என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். இந்த மூன்றும் சேர்ந்ததே மாந்தர் வாழும் உலகம். நான் பேசுகிறேன், நீ கேட்கிறாய், அவனைப் பற்றிப் பேசுகிறோம். நாளை அவன் வந்து எதிரே நின்றால் அவனும் 'நீ' ஆகிவிடுகிறான். 'அவன்' என்பவன் 'நீ' ஆகும் வழி அடைபடாத வரையில் பகைக்கும் ஒரு முடிவு உண்டு.

சுடுபவனின் கண்ணால் காணும் அக்கோட்டையில் தன்மை உண்டு. துப்பாக்கி ஏந்திய கையே அது. படர்க்கை உண்டு, அச்சில் வார்த்தாற்போல் ஒரே முகத்தோடு வரும் காவலர் கூட்டமே அது. முன்னிலை எங்கே? 'நீ' என்று அழைக்கத்தக்க ஒருவன் அங்கே இல்லை. எதிரே வருபவனிடம் கேட்க ஒரு சொல் இல்லை. அவன் சொல்வதைக் கேட்கக் காதும் இல்லை. முன்னே நிற்பவன் இருக்கிறான், முன்னிலை இல்லை! இந்த விந்தை உலகில்தான் நாம் மணிக்கணக்கில் உலவுகிறோம்.

உண்மையில் அக்காவலர் ஊமையர் அல்லர், பேசுகிறார்கள். ஜெர்மன் மொழியிலே பேசுகிறார்கள். நீல உடை அணிந்த எஸ்.எஸ். படையினன் சுடப்பட்டு வீழும்போது, "மைன் லேபன்!" என்று அலறுகிறான். எம் மாணவன் ஒருவன் அவ்வொலியை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிப்பான். பொருள் கேட்டால் தெரியாது. 'மைன் லேபன்' என்றால் 'என் உயிர்', 'என் வாழ்வு' என்று பொருள். சாகின்றவன், 'ஐயோ, என் வாழ்வு!' என்கிறான். முப்பது ஆண்டுகளாக உலகெங்கும் கேட்ட அலறல் அது. கேட்டோரில் பெரும்பாலோர்க்கு அது வேட்டுச் சத்தத்தோடு வந்த இன்னொரு சத்தம், அவ்வளவே. பொருள் தெரிந்த பிறகு அம்மாணவன் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டான். ஆட்டத்தை விடவில்லை, விடவும் நாம் சொல்லவில்லை. 'அவன் அப்படியா சொல்கிறான்?' என்று கேட்டானே, அந்தக் கேள்வி போதும். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, படர்க்கை முன்னிலையாயிற்று.

இவ்விளையாட்டைத் திருத்த முனைந்தோரும் உண்டு. அவர்கள் எதைத் திருத்தினர் என்று பார்த்தால் நகைப்பதா நைந்து போவதா என்று தெரியவில்லை. 1994இல் நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவிக்கென ஒரு வடிவம் வந்தது. குடும்பங்கள் ஆடும் கருவி அன்றோ! தூய்மை வேண்டுமே! ஆகவே குருதியை நீக்கி வியர்வை என்றனர். நாஜிக் கொடியை நீக்கினர். இட்லருக்கு வேறு பெயர் சூட்டினர். நாய்களைச் சுடுவது கொடுமை என்று நாய்களை எலிகளாக்கினர். எல்லாம் சரி, மனிதனை? மனிதனைச் சுடுவதை அப்படியே விட்டுவிட்டனர்! நாய்க்கு இரங்கிய நெஞ்சம் மனிதனிடம் வந்ததும் மரத்துவிட்டது. கறை தெரியாதபடி கொலை செய். அது குடும்ப விளையாட்டு!

ஜெர்மனியோ வேறு வழி சென்றது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம். அச்சட்டத்தின்படி 1994இல் இவ்விளையாட்டைப் பறிமுதல் செய்தனர். பட்ட நாடு, அதன் அச்சத்திலே நியாயம் உண்டு. 2018இல்தான், வரலாற்றைக் காட்டும் கலைப்படைப்புகளுக்கு உரிய சலுகை விளையாட்டுகளுக்கும் பொருந்தலாம் என்று வழி திறந்தனர். ஒருவர் குருதியைத் துடைத்தார். ஒருவர் குறியை மறைத்தார். சுடுபவனுக்கும் சுடப்படுபவனுக்கும் நடுவே சொல் இல்லாமற் போனதை இருவருமே கேட்கவில்லை.

"நாஜியோடு என்ன பேச்சு?" என்று ஒரு தோழர் சீறுவது நம் காதில் விழுகிறது. நியாயமான சீற்றம். அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்று குவித்த கூட்டத்தின்முன் கைகூப்பி நின்று நீதி உரைக்கச் சொல்லவில்லை நாம். 1939இலிருந்து 1945 வரை அக்கொடுமையைத் தடுத்து நிறுத்தியது படைதான், பாடம் அன்று. ஏந்தவேண்டிய வேளையிலே படைக்கலம் ஏந்தியோரை வணங்குகிறோம்.

ஆனால் வென்ற பிறகு அவர்கள் செய்தது என்ன? 1945 நவம்பர் 20ஆம் நாள், நூரம்பர்க் நகரிலே நீதிமன்றம் கூடிற்று. பிடிபட்ட தலைவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளியிருக்கலாம். தடுக்க யாரும் இல்லை. சுடவில்லை. கூண்டில் அமர்த்தினர்; வழக்கறிஞர் தந்தனர்; காதிலே கருவி மாட்டி, ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷ்யம், ஜெர்மன் என நான்கு மொழிகளில் பேச்சை உடனுக்குடன் பெயர்த்துக் கேட்பித்தனர். "நீ செய்தது இது, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டனர். 1946 அக்டோபர் 1ஆம் நாள் தீர்ப்பு முடிந்தபோது, தீர்ப்புப் பெற்ற 22 பேரில் 12 பேருக்குத் தூக்கு, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. மூவர் விடுதலை! வெற்றிபெற்றவன் கையில் துப்பாக்கி இருந்தும், பகைவரில் மூவரை விடுவிக்கும் அளவுக்கு அங்கே காது இருந்தது. உலகிலேயே மிகக் கொடிய பகைவனையும் முன்னிலைக்குக் கொண்டுவந்து கேள்வி கேட்டது அந்த மன்றம். கேட்டதனால்தான் ஆவணங்கள் வெளிவந்தன, சாட்சிகள் பேசினர், நாஜியம் எப்படி மனிதனை எண்ணாக்கிற்று என்பது உலகறிந்த உண்மையாயிற்று. சுட்டுத் தள்ளியிருந்தால் உடல்கள் கிடைத்திருக்கும், உண்மை கிடைத்திராது.

நம் பக்கத்து நிலைமையோ கவலைக்குரியது. மூன்றாம் பகுதியின் முடிவிலே இட்லரை நூறு முறை கொன்ற பிள்ளை இருக்கிறான். இட்லர் யார் என்று கேளுங்கள். "பெரிய வீரன் சார்" என்பான். தேநீர்க் கடையிலே உட்காருங்கள். "இந்த நாட்டுக்கு இட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் உருப்படும்" என்று சொல்லாத நாள் உண்டா? இட்லர் எழுதிய 'மைன் கம்ப்' நம் நாட்டுப் புத்தகக் கடைகளிலே தன்னம்பிக்கை நூல்களோடு தோளுரசி நிற்கிறது. திரையிலே சுடுகிறான், தெருவிலே புகழ்கிறான்! இந்த முரண் எப்படி நேர்ந்தது? ஆளைச் சுட்டான், அவன் கருத்தோடு ஒரு சொல்லும் ஆடவில்லை. பிறப்பினால் ஒரு கூட்டம் உயர்ந்தது, ஒரு கூட்டம் ஒழியவேண்டியது என்ற நஞ்சே நாஜியம் என்பதை அக்கோட்டையின் எந்தத் தளத்திலும் அவன் சந்திக்கவில்லை. குண்டு பாயாத இடத்திலே அந்த நஞ்சு நலமாக இருக்கிறது. ஆடியவனின் அறியாமைக்குள்ளேயே குடியிருக்கிறது.

நடுநாட்டுத் தெருக்கூத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். அதன் புராணம் நமக்கு உடன்பாடன்று. சூதிலே பெண்ணை வைத்து ஆடிய கதைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆயினும் அந்தக் கலையிலே ஓர் அறிவு இருக்கிறது. இரு பக்கமும் ஆள் பிடித்த திரைக்குப் பின்னே வேடதாரி வந்து நிற்கிறான். கட்டியங்காரன் கேட்கிறான்: நீர் யார்? எந்த நாடு? என்ன பெருமை? துரியோதனனே ஆனாலும் தன் பெயரை, தன் பெருமையை, தன் நியாயத்தைத் தானே பாடிவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறான். கொடியவனுக்கும் ஒரு குரல்! கேள்வி கேட்க ஒரு கட்டியங்காரன்! செஞ்சிச் சுற்றுவட்டாரத்தின் பல ஊர்களில் பதினெட்டாம் போர் நாளன்று மண்ணால் துரியோதனன் உருவம் செய்து படுகளம் நடத்துகிறார்கள். தொடை பிளந்து அவன் வீழ்ந்ததும் ஊர் ஆர்ப்பரிக்கிறது. அத்தோடு முடிவதில்லை, அவனுக்கு உரிய பெண்ணாக வேடமிட்டவர் வந்து, அம்மண்ணுடல்மேல் விழுந்து ஒப்பாரி வைக்கிறார். சற்றுமுன் ஆர்ப்பரித்தவர்கள் அந்த அழுகையையும் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பவேண்டும். படிப்பறியா மக்கள் என்று நாம் சொல்கிறோமே, அவர்களுடைய போர் விளையாட்டிலே இடைவெளி இருந்தது, கேள்வி இருந்தது, வீழ்ந்தவனுக்கும் அழுகை இருந்தது. கணிப்பொறி கண்ட அறிவாளியின் போர் விளையாட்டிலே விரைவு இருந்தது; மற்றவை இல்லை.

இதெல்லாம் கலை ஆராய்ச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இதே விழுப்புரத்திலே, 1978ஆம் ஆண்டு ஜூலையில், தாழ்த்தப்பட்ட மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் வேற்று நாட்டார் அல்லர். ஒரே ஊரிலே, ஒரே கடைத்தெருவிலே, ஒரே மழையிலே நனைந்து வாழ்ந்தவர்கள். அவர்கள் எந்த விளையாட்டை ஆடிக் கெட்டார்கள்? 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' பிறக்க இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன! கணிப்பொறியைக் கண்ணாலும் கண்டிராத ஊரிலே பன்னிரண்டு உயிர் போயிற்று. விளையாட்டே வன்முறைக்கு வேர் என்போர், இந்தப் பன்னிருவரின் முன் என்ன விடை சொல்வர்?

வேர் வேறிடத்தில் இருக்கிறது. நேற்று வரை "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்கப்பட்டவன், ஒருநாளிலே 'அவனுங்க' ஆகிவிட்டான். அவன் பெயர் போயிற்று, முகம் போயிற்று, தொழில் போயிற்று, பிள்ளைகள் எத்தனை என்ற கணக்கும் போயிற்று. மிஞ்சியது பிறந்த சேரியின் பெயர் ஒன்றே. சாதி என்பது வேறென்ன? பல நூற்றாண்டுகளாகச் சிலரைப் படர்க்கையிலேயே நிறுத்திவைத்த கொடிய இலக்கணமே சாதி. எதிரே வந்தாலும் எட்டி நில். பேசினாலும் முகம் பாராதே. தண்ணீர் கேட்டாலும் தனிக்குவளை. 'அவன்' ஒருநாளும் 'நீ' ஆகிவிடக் கூடாது! ஆகிவிட்டால் அவன் 'நாம்' ஆகிவிடுவானே! அந்த அச்சந்தான் சாதியின் உயிர்.

விளையாட்டு இந்தக் கொடுமையைப் படைக்கவில்லை, உண்மை. ஆனால் இக்கொடுமை வாழ்வதற்கு ஏற்ற பார்வை எதுவோ, அதனை விளையாட்டு நாள்தோறும் பழக்குகிறது: எதிரே வருபவன் கூட்டத்தில் ஒருவன், அவன் யாரென்பது முன்பே முடிவாகிவிட்டது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஊரிலே சாதி தந்த பாடத்தை மறக்கவேண்டிய பிள்ளை, திரையிலே அப்பாடத்தின் இலக்கணத்தை மீண்டும் ஒப்பிக்கிறான். குற்றம் எங்கே என்று கேட்டோமே, இங்கேதான். குருதியில் இல்லை, கொடியில் இல்லை. சொல்லப்படாமற்போன அந்த 'நீ'யில் இருக்கிறது.

ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். விளையாட்டின் நாஜி, சீருடையால் அறியப்படுகிறான். சீருடையைக் கழற்றி எறிய அவனுக்கு வழி உண்டு. சாதியோ பிறப்பிலே ஒட்டப்படுகிறது. கழற்ற வழி விடுவதில்லை. ஆகவே இரண்டும் ஒன்றே என்று நாம் சாதிக்கவில்லை. சீருடையைக் கண்டு சுடப் பழகிய கண், சேரியின் பெயரைக் கேட்டு முடிவு கட்டிவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும் என்றே எச்சரிக்கிறோம்.

இனி என்ன செய்வது? கணிப்பொறியைப் பூட்டுவதா? பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே வளர்ந்த அறிவு உலகில் எங்கும் இல்லை. ஆடுங்கள், ஆடியபின் கேளுங்கள். இக்கோட்டையைக் கட்டியவன் எதை வைத்தான், எதை நீக்கினான், ஏன் நீக்கினான் என்று கேளுங்கள். சாகின்றவன் என்ன மொழியில் என்ன சொல்கிறான் என்று அகராதியைப் புரட்டுங்கள். இட்லரைச் சுட்ட கையோடு, அவன் ஆட்சி என்ன செய்தது என்று ஒரு நூலையேனும் படியுங்கள். நூலகத்திலே அதைப் பற்றி ஒரு மாலைப் பொழுது பேசுங்கள். பேசும்போது ஊரையும் சேரியையும் ஒரே விரிப்பில் உட்காரவையுங்கள். நிரல் எழுதக் கற்ற தோழர்கள் இன்று விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. உலாவியிலே ஓடும் விளையாட்டொன்றை எழுதத் தொழிற்சாலை வேண்டாம். ஒரு கணிப்பொறியும் ஓய்வு நேரமும் போதும். கைதூக்கும் காவலன் ஒருவனை, கேள்வி கேட்கும் கட்டியங்காரன் ஒருவனை உங்கள் கோட்டையிலே வையுங்கள். சுடாமல் வென்றவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுங்கள்!

இளைஞர்களே! வேறு மொழிகள் பலவற்றில் இல்லாத ஓர் அழகு தமிழிலே உண்டு. கேட்பவனை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்'; கேட்பவனையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. எதிரே நிற்பவனை உள்ளே அழைத்துக்கொள்ள நம் மொழி ஒரு தனிச்சொல்லே வைத்திருக்கிறது. அச்சொல்லுக்கு வழி ஒன்றே: 'அவன்' முதலில் 'நீ' ஆகவேண்டும், 'நீ' ஆனவனே 'நாம்' ஆக முடியும். துப்பாக்கியின் முனையில் அந்த வழி இல்லை. சாதியின் வாசலிலும் இல்லை. அது திறந்திருக்கும் இடம் நம் வாய், "நீ யார்?" என்று கேட்கத் துணிந்த வாய். இன்றே, நம் தெருவின் கடைசி வீட்டிலிருந்து கேட்கத் தொடங்குவோம்.